நைட்டினால் கம்பியை இழுத்துச் சோதிப்பது: வெப்பநிலை, வேகம், சுற்று என ஒவ்வொரு படியாக

இரும்புக் கம்பியை இழுத்துப் பழகியவர்கள் நைட்டினால் (வளைத்தாலும் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியம் உலோகக்கலவை) கம்பி கைக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம், அதை எந்திரத்தில் மாட்டி இழுப்பதுதான். வரைபடம் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். அடுத்த நாள் அதே சுருளிலிருந்து இன்னொரு துண்டை மாட்டினால் வேறு வரைபடம் வரும். மூன்றாம் நாள் இன்னொன்று. கடைசியில் "கம்பி சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கம்பியில் ஒரு குறையும் இருக்காது. எந்திரத்துக்கு வருவதற்கு முன் அந்தத் துண்டு எவ்வளவு சூட்டையும் குளிரையும் பார்த்தது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த உலோகத்துக்கு நீளம், விட்டம் போலவே வெப்பநிலையும் துண்டின் ஓர் அளவு. அந்த வெப்பநிலைக்கு மேலிருந்து இறங்கி வந்ததா, கீழிருந்து ஏறி வந்ததா என்பதும் அப்படியே. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

எண்கள் எல்லாம் நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சம அணு விகிதத்தில் உள்ள நைட்டினாலுக்கு, 0.5 மில்லிமீட்டர் விட்டக் கம்பியை வைத்துச் சொல்கிறேன். செம்பு, இரும்பு அடிப்படையிலான வடிவ நினைவு உலோகக்கலவைகளுக்கும் வரிசை இதேதான், எண்கள் மாறும்.

1. நான்கு வெப்பநிலைகளை முதலில் கண்டுபிடியுங்கள்

இந்த உலோகத்தின் அணுக்கள் இரண்டு விதமாக அடுங்கும்: சூட்டில் ஆஸ்டெனைட், குளிரில் மார்ட்டென்சைட். குளிர்விக்கும்போது மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்கும் புள்ளி எம்எஸ், உருவாகி முடியும் புள்ளி எம்எஃப். திரும்பச் சூடாக்கும்போது ஆஸ்டெனைட் தொடங்குவது ஏஎஸ், முடிவது ஏஎஃப். இந்த நான்கும் தெரியாமல் எந்த வெப்பநிலையில் இழுப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

கம்பியோடு வரும் சான்றிதழை அப்படியே நம்பாதீர்கள். ஒருமுறை எனக்கு வந்த சான்றிதழில் ஏஎஃப் மைனஸ் 15 டிகிரி என்று இருந்தது. கம்பியோ அறை வெப்பநிலையில் வளைத்தால் வளைந்தபடியே நின்றது. விரலால் தேய்த்துச் சூடேற்றினால் மெதுவாக நிமிர்ந்தது. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது: சான்றிதழில் இருந்தது வார்ப்புக்கட்டியை முழுதாக அனீல் செய்து (சூடாக்கித் தளரவைத்து) அளந்த எண். கம்பியாக இழுத்து, குளிர்நிலையில் உருக்குலைத்து, 500 டிகிரிப் பக்கம் சூடாக்கிய பிறகு ஏஎஃப் எங்கோ போய்விடுகிறது. உங்களுக்கு வேண்டியது கையில் இருக்கும் கம்பியின் ஏஎஃப்.

கலவை விகிதத்திலிருந்து கணக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நிக்கல் பாதிக்கு மேல் உள்ள கலவையில் 0.1 அணு சதவீதம் கூடினாலே மாற்ற வெப்பநிலைகள் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வேதிப் பகுப்பாய்வின் பிழையே அந்த அளவு இருக்கும்.

அளக்க இரண்டு வழிகள். ஒன்று டிஎஸ்சி கருவி. நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடாக்கிக் குளிர்வித்து, வெப்பம் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. 30 மில்லிகிராம் வேண்டுமென்றால் நம் கம்பியில் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் எடுக்க வேண்டும், ஏனென்றால் மில்லிமீட்டருக்கு 1.27 மில்லிகிராம்தான் வரும். கட்டரால் நறுக்கும் ஒவ்வொரு முனையும் நசுங்கும். நசுங்கிய உலோகம் தாமதமாக மாறும். அதனால் குறைந்த வெட்டில் முடியுங்கள். முதல் சூடாக்கலில் வரும் வளைவில் பழைய வரலாறெல்லாம் கலந்திருக்கும், அதை விட்டுவிட்டு அடுத்த சுற்றைப் படியுங்கள்.

குளிர்விக்கும்போது இரண்டு முகடுகள் வந்தால் பயப்பட வேண்டாம். மேலே உள்ள வெப்பநிலையில் வரும் முதல் முகடு ஆர்-கட்டம், அதாவது மார்ட்டென்சைட்டுக்கு முன் வரும் ஓர் இடைநிலை. அதை எம்எஸ் என்று குறித்துக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு.

இரண்டாவது வழி, வளைத்து நிமிரவிடுவது. குளிர்நிலையில் உள்ள கம்பியை 20 மில்லிமீட்டர் உருளையில் சுற்றினால் வெளிப்புறத் திரிபு (நீளத்தில் வந்த மாற்றத்தின் சதவீதம்) 2.4% வரும். பிறகு நிமிடத்துக்கு 4 டிகிரிக்கு மிகாமல் சூடாக்கி, நிமிர்வது எங்கே நின்றுபோகிறது என்று குறிக்க வேண்டும். குளிர்வேலை அதிகம் வாங்கிய கம்பிகளில் டிஎஸ்சி முகடுகள் தட்டையாகப் பரவிவிடும். அங்கே எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை.

2. எந்திரத்தைத் தயார் செய்தல்

லோட் செல்லில் (விசையை அளக்கும் பாகம்) தொடங்குங்கள். நம் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.196 சதுர மில்லிமீட்டர். 500 மெகாபாஸ்கல் தகைவுக்கு (விசையைப் பரப்பால் வகுத்தது) விசை 98 நியூட்டன்தான். இறக்கும்போது 7 மெகாபாஸ்கலில் நிறுத்த வேண்டும் என்றால் அது 1.4 நியூட்டன். 10 கிலோநியூட்டன் லோட் செல்லில் அந்த 1.4 நியூட்டன் இரைச்சலில் மறைந்துபோகும். 500 நியூட்டன் செல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

கிரிப்: தட்டையான தாடைகளில் இறுக்கினால் கம்பி ஒன்று வழுக்கும், இல்லையென்றால் தாடை விளிம்பில் அறும். உருளையில் சுற்றிப் பிடிக்கும் வகைக் கிரிப் நல்லது. அதில் சுற்றப்பட்ட பகுதியும் கொஞ்சம் நீளும் என்பதால், கிராஸ்ஹெட் (எந்திரத்தின் நகரும் குறுக்குச் சட்டம்) நகர்வை வைத்துக் கணக்கிடும் திரிபு உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

அதனால் திரிபைத் தனியாக அளக்க வேண்டும். கத்தி முனை வைத்த எக்ஸ்டென்சோமீட்டர் (கம்பியில் மாட்டி நீட்சியை அளக்கும் கருவி) 0.5 மில்லிமீட்டர் கம்பிக்குக் கனம். முனை கீறும் இடத்திலேயே கம்பி அறுவதை நிறைய பார்த்திருக்கிறேன். கம்பியில் இரண்டு புள்ளி வைத்துக் கேமராவால் பின்தொடர்வது மேல்.

வெப்பநிலைக்கு மெல்லிய தெர்மோகப்பிள். தடித்ததை வைத்தால் அதுவே கம்பியின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பியில் பற்றவைக்காதீர்கள், பற்றவைத்த இடம் வேறு உலோகமாகிவிடும். வெப்பம் கடத்தும் பசை ஒரு துளி போதும்.

கண்ணாடி அணியுங்கள். 1000 மெகாபாஸ்கலுக்கு மேல் போய் அறும் கம்பி சாட்டை போல அடிக்கும்.

3. எல்லாத் துண்டுகளையும் ஒரே தொடக்க நிலைக்குக் கொண்டுவருதல்

சுருளிலிருந்து வெட்டிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒன்று குளிர்சாதனக் காற்றில் கிடந்திருக்கும், இன்னொன்று வெட்டும்போது வளைந்திருக்கும், மூன்றாவதை யாரோ விரலில் சுற்றி விளையாடியிருப்பார்கள். இவற்றை அப்படியே ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது கம்பியை அல்ல, அந்தக் கைகளை.

வழி எளிது. வெட்டிய துண்டு எல்லாவற்றையும் விசை எதுவும் இல்லாமல் ஏஎஃப்-ஐ விட 30, 40 டிகிரி மேலே சூடாக்கிச் சில நிமிடம் வையுங்கள். சிக்கிக் கிடந்த மார்ட்டென்சைட் எல்லாம் ஆஸ்டெனைட்டாகிவிடும். ஏஎஃப் 15 டிகிரி உள்ள கம்பிக்கு 55 டிகிரித் தண்ணீரே போதும். உருட்டி வளைத்துப் பிளாஸ்டிக்காகக் கெட்டதை இது சரிசெய்யாது. நிமிராத துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் விட்டத்தை அளந்து எழுத வேண்டும். மார்ட்டென்சைட் சிக்கிய துண்டின் நீளமும் விட்டமும் உண்மையானவை இல்லை.

4. சோதனை வெப்பநிலைக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள்?

ஒரு கம்பிக்கு எம்எஸ் மைனஸ் 20, ஏஎஃப் 15 என்று வைத்துக்கொள்வோம். சோதனை 0 டிகிரியில். 55 டிகிரியிலிருந்து நேராக இறக்கி 0 டிகிரிக்கு வந்தால் துண்டில் மார்ட்டென்சைட் இருக்காது, ஆஸ்டெனைட்டோ ஆர்-கட்டமோதான். முதலில் எம்எஃப்-க்குக் கீழே உறையவைத்து, பிறகு 0 டிகிரிக்கு ஏற்றினால் மார்ட்டென்சைட் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம். தெர்மாமீட்டர் இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் இழுக்கப்போவது இரண்டு வேறு பொருள்களை.

அதனால் ஒவ்வொரு வரைபடத்தின் பெயரிலும் பாதையை எழுதுங்கள்: "55-லிருந்து இறங்கி 0" அல்லது "மைனஸ் 80-லிருந்து ஏறி 0". எண் மட்டும் எழுதிய கோப்பை ஆறு மாதம் கழித்து நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இங்கே சத்தமில்லாமல் காலை வாருவது வெப்ப அறை. திரவ நைட்ரஜன் பீய்ச்சும் அறைகள் இலக்கைத் தாண்டிச் சில டிகிரி கீழே போய்விட்டுத் திரும்பி வரும். திரையில் 0 என்று நிலைத்த பிறகு பார்ப்பவருக்கு அது தெரியாது. கம்பிக்குத் தெரியும், அது ஒருமுறை கீழே போய் வந்துவிட்டது. நிலைப்படுத்தும் நேரம் முழுவதையும் பதிவு செய்து, தாண்டல் இருந்தால் துண்டைத் திரும்பச் சூடாக்கி மறுபடி இறக்குங்கள்.

இன்னொன்று: சூடாக்கும்போதும் குளிர்விக்கும்போதும் கிராஸ்ஹெட்டைப் பூட்டி வைக்காதீர்கள். கிரிப் தண்டுகள் சுருங்கி விரியும். பூட்டிய கம்பியில் சோதனை தொடங்கும் முன்பே தகைவு ஏறிவிடும். எந்திரத்தை விசைக் கட்டுப்பாட்டில் வைத்து 1 நியூட்டன் போலப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். வெப்பநிலை நிலைத்த பிறகு நகர்வுக் கட்டுப்பாட்டுக்கு மாறுங்கள்.

5. முதல் இழுவை: 6% வரை போய்த் திரும்புதல்

ஏஎஃப்-க்குக் கொஞ்சம் மேலே உள்ள வெப்பநிலையில் தொடங்குங்கள். மீமீள்மைக் கம்பிக்கான (பல சதவீதம் நீட்டினாலும் விட்டதும் திரும்பும் கம்பி) ஏஎஸ்டிஎம் எஃப் 2516 முறையின் போக்கு இதுதான்: 6% திரிபு வரை ஏற்று, 7 மெகாபாஸ்கலுக்குக் கீழே இறக்கு, பிறகு அறும் வரை இழு. தகைவு மாறாமல் திரிபு மட்டும் ஓடும் தட்டைப் பகுதிதான் சமதளம்: ஏறும்போது 3% திரிபில் உள்ள தகைவு மேல் சமதளம். இறங்கும்போது 2.5% திரிபில் உள்ளது கீழ் சமதளம்.

ஏற்றம் நகர்வுக் கட்டுப்பாட்டில்தான் நடக்க வேண்டும். சமதளத்தில் தகைவு ஏறாமலேயே திரிபு 1%-லிருந்து 5, 6% வரை ஓடும். விசைக் கட்டுப்பாட்டில் இருக்கும் எந்திரம் கேட்ட விசை வரவில்லையே என்று கிராஸ்ஹெட்டைத் தூக்கி எறியும். சமதளம் முழுவதும் ஒரு நொடியில் முடிந்துபோகும், கூடவே கம்பியும் சூடாகிவிடும்.

இறக்கத்தை எங்கே நிறுத்துவது என்பதில் நேர்மாறு. தொடங்கிய நீளத்துக்கே கிராஸ்ஹெட்டைத் திருப்பினால், சிறிது நீண்டுவிட்ட கம்பி தொய்ந்து வளையும். நகர்வைப் பார்த்து நிறுத்தாமல் விசையைப் பார்த்து நிறுத்துங்கள், 1.4 நியூட்டன் வந்ததும் நில் என்று.

வரைபடத்தைப் படிக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

தொடக்கச் சரிவு: ஆஸ்டெனைட்டின் யங் குணகம் 70 முதல் 80 கிகாபாஸ்கல் இருக்கும். 40, 45 என்று வந்தால் கம்பியைக் குறை சொல்லும் முன் தொடக்கக் கோட்டை உற்றுப் பாருங்கள். 1%-க்குள் ஒரு சின்ன முழங்கை தெரிந்தால் அது ஆர்-கட்டம். அந்தப் பகுதியைச் சேர்த்துக் கோடு வரைந்திருக்கிறீர்கள்.

சமதளம்: அங்கே கம்பி முழுவதும் ஒரே சீராக நீளவில்லை. மாறிய பகுதி கிட்டத்தட்ட 5, 6% நீண்டும், மாறாத பகுதி 1% அளவிலும் இருக்க, நடுவில் ஒரு எல்லை கம்பி வழியே ஊர்ந்து போகிறது. பட்டையான துண்டை மெருகேற்றி இழுத்தால் இழுவை அச்சுக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்த பட்டைகளாக இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எல்லை பெரும்பாலும் கிரிப் பக்கமிருந்து புறப்படும். அதனால் நடுவில் உள்ள உங்கள் இரண்டு புள்ளிகள் 0.9% என்று காட்டிக்கொண்டிருக்க, கிராஸ்ஹெட் 3% என்று சொல்லும். திடீரென்று புள்ளிகள் 5%-க்குத் தாவும். இரண்டு கருவியும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. சமதளத்தில் ஒரு குறிப்பிட்ட திரிபைப் பேசும்போது அது எந்த நீளத்தின் சராசரி என்று சொல்லியே ஆக வேண்டும்.

சமதளத்துக்குப் பிறகு: தகைவு மறுபடி ஏறுவது மார்ட்டென்சைட் மீள்மையாக நீள்வதால். இங்கே இன்னும் போனால் நழுவல் (அணு அடுக்குகள் நிரந்தரமாக வழுக்குவது) தொடங்கும், திரும்பி வராது. 6%-ல் நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுதான்.

6. மிச்சத் திரிபை உடனே எழுதிவிடாதீர்கள், சூடாக்கிப் பாருங்கள்

இறக்கிய பிறகு 1.8% மிச்சம் என்று ஒரு மாணவர் குறிப்பேட்டில் "பிளாஸ்டிக் 1.8%" என்று எழுதி, துண்டைக் குப்பையில் போடப் போனார். வாங்கி, மேசையில் இருந்த முடி உலர்த்தியால் காற்றடித்தேன். கிரிப்பில் சுற்றியிருந்த வளைவு கண்முன்னே நிமிர்ந்தது, நீளம் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்தது. அன்றைக்குக் குளிர்சாதனம் அறையை ஏஎஃப்-க்குக் கீழே கொண்டுபோயிருந்தது. கம்பியில் பாதி மார்ட்டென்சைட்டாகவே தங்கிவிட்டது.

ஆகவே இரண்டு எண்கள் எழுதுங்கள். இறக்கியதும் உள்ள மிச்சம் ஒன்று. விசையில்லாமல் ஏஎஃப்-க்கு 30 டிகிரி மேலே சூடாக்கி, பழைய வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகும் உள்ள மிச்சம் இன்னொன்று. இரண்டாவதுதான் நிரந்தரச் சேதம். வித்தியாசம், திரும்ப வழியில்லாமல் நின்ற மார்ட்டென்சைட்.

7. வெப்பநிலையை மாற்றி இழுத்தல்

ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதுத் துண்டு. அது முடியாது, துண்டுகள் குறைவு என்றால் குறைந்த தகைவிலிருந்து அதிகத் தகைவுக்குப் போகும் வரிசையில் செய்யுங்கள். உயர் வெப்பநிலையில் தகைவு அதிகம், அங்கே இடப்பெயர்வுகள் (அணு அடுக்கில் வரும் கோட்டுக் குறைகள்) உள்ளே தங்கிவிடும். அதே துண்டைப் பிறகு குளிர்வித்து இழுத்தால் சமதளம் இறங்கித்தான் இருக்கும்.

ஐந்து, ஆறு வெப்பநிலைகள் எடுங்கள்: எம்எஃப்-க்குக் கீழே ஒன்று, எம்எஸ் பக்கத்தில் ஒன்று, ஏஎஃப்-க்கு மேலே மூன்று, இன்னும் வெகு மேலே ஒன்று.

எம்எஃப்-க்குக் கீழே கம்பி மெத்தென்று இருக்கும். 100, 200 மெகாபாஸ்கலில் ஒரு சமதளம் வரும். இது புது மார்ட்டென்சைட் உருவாவது அல்ல, ஏற்கெனவே இருப்பது இழுவைத் திசைக்குத் திரும்புவது. இறக்கினால் 4% போல அப்படியே நிற்கும், சூடாக்கினால் திரும்பும்.

ஏஎஃப்-க்கு மேலே மேல் சமதளம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும். நைட்டினாலில் டிகிரிக்கு 6 முதல் 8 மெகாபாஸ்கல் வழக்கம். இதைக் கையில் வைத்துப் பாருங்கள்: காலையில் 22 டிகிரியும் மதியம் 27 டிகிரியும் உள்ள அறையில் சமதளம் 35 மெகாபாஸ்கல் நகர்ந்துவிடும். 22 டிகிரியில் சோதித்த கம்பியை 37 டிகிரியில் உள்ள உடலுக்குள் வைத்தால் 100 மெகாபாஸ்கல் கூடுதல் விறைப்பு. கம்பி மாறிவிட்டது என்று வரும் புகார்களில் பாதி இந்தக் கணக்கில் தீர்ந்துவிடும்.

இன்னும் மேலே போனால் மார்ட்டென்சைட்டை உருவாக்கத் தேவையான தகைவு, உலோகம் நழுவத் தேவையான தகைவைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு சாதாரண உலோகம் போலத்தான் வளையும், நீளும், திரும்பாது. வரைபடத்தில் இதன் முன்னறிவிப்பு, கீழ் சமதளம் சரிந்து, சூடாக்கிய பிறகும் மிச்சம் கூடிக்கொண்டே போவது.

சாய்வைக் கணக்கிடும்போது எம்எஸ்-க்குக் கீழே உள்ள புள்ளிகளைக் கோட்டில் சேர்க்காதீர்கள். அங்கே தகைவு எதிர்ப்பக்கம் போகும், குளிரக் குளிர மெல்ல ஏறும். எல்லாப் புள்ளிகளையும் குறித்தால் எம்எஸ் அருகே தாழ்ந்த ஒரு பள்ளம் தெரியும். இரண்டு கைகளும் இரண்டு வேறு நிகழ்வுகள். ஒரே கோடு போட்டால் டிகிரிக்கு 3 என்று அர்த்தமில்லாத எண் வரும்.

8. வேகத்தை மாற்றுதல்

இந்த உலோகத்தில் வேகம் என்றால் பெரும்பாலும் வெப்பம்தான். மார்ட்டென்சைட் உருவாகும்போது கிராமுக்குச் சுமார் 20 ஜூல் வெளியே வரும். தன்வெப்பம் கிராமுக்கு 0.5 ஜூல் அளவு. வெப்பம் எங்கும் தப்பவில்லை என்றால் 40 டிகிரி ஏறும் கணக்கு. நடைமுறையில் வேக இழுவையில் 20 டிகிரிக்கு மேல் ஏறுவது சகஜம். 20 டிகிரி ஏறினால் முன் சொன்ன சாய்வின்படி சமதளம் 140 மெகாபாஸ்கல் தூக்கப்படும். இறக்கும்போது நேர்மாறு: கம்பி குளிர்ந்து கீழ் சமதளம் தாழும்.

100 மில்லிமீட்டர் நீளத்துக்கு மூன்று வேகங்கள் போதும்: நிமிடத்துக்கு 0.6, 6, 60 மில்லிமீட்டர். முதலாவதில் 6% போக 10 நிமிடம் ஆகும், வெப்பம் காற்றில் கரைந்துவிடும். கடைசியில் 6 விநாடி. வெப்பத்துக்குப் போக நேரமில்லை.

தட்டையான சமதளம் சரிவாக மாறும். ஒரே எல்லைக்குப் பதில் பல இடங்களில் எல்லைகள் முளைக்கும், ஏனென்றால் சூடான எல்லை முன்னேற அதிகத் தகைவு கேட்கிறது. அதற்குள் குளிர்ந்த வேறோர் இடம் முந்திக்கொள்கிறது.

வேகம் கூடக் கூடத் தயக்க வளையத்தின் (ஏற்றக் கோட்டுக்கும் இறக்கக் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடம்) பரப்பு ஏறிக்கொண்டே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுத்தர வேகத்தில் உச்சம் தொட்டுப் பிறகு குறையும். மிக வேகமான சுற்றில் ஏறும்போது வந்த சூடு இறங்கும்போதும் கம்பியிலேயே இருப்பதால் கீழ் சமதளம் அவ்வளவு தாழ்வதில்லை.

வெப்பத்தின் வேலைதானா என்று உறுதி செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. அதே வேகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து இழுங்கள். சரிவு குறைந்து சமதளம் மறுபடி தட்டையானால் சந்தேகம் தீர்ந்தது.

9. திரும்பத் திரும்ப இழுத்தல்

முதல் சுற்றும் நூறாவது சுற்றும் ஒரே கம்பியைச் சொல்வதில்லை. சுற்று ஏற ஏற மேல் சமதளம் இறங்கும், கீழ் சமதளமும் இறங்கும் ஆனால் குறைவாக, வளையம் ஒடுங்கும், மிச்சத் திரிபு சேரும். ஆரம்பச் சுற்றுகளில் வேகமாக, பிறகு மெதுவாக. உள்ளே சேரும் இடப்பெயர்வுகள் அடுத்த முறை மார்ட்டென்சைட் உருவாக உதவுவதுதான் காரணம்.

100 சுற்றையும் சேமிக்கத் தேவையில்லை. 1, 2, 5, 10, 20, 50, 100 போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டினால் முதல் சில சுற்றுகளில் கம்பியின் சராசரி வெப்பநிலையே நகரும். அந்த மாற்றத்தையும் உலோகத்தின் மாற்றத்தையும் பிரிக்க வேறு வழி இல்லை. பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வந்து தொடங்கினால் வரைபடத்தில் ஒரு படி தெரியும், அதற்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியாது.

எந்தத் திரிபு வரை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 3% வரை சுற்றவிட்டுப் பிறகு 6%-க்குப் போனால், 3% வரை பழகிய சமதளமும் அதற்கு மேல் பழகாத சமதளமும் நடுவில் ஒரு படியோடு ஒட்டி நிற்கும்.

அறும் வரை சுற்றவிடும் சோர்வுச் சோதனை தனிக் கதை. ஒன்று மட்டும்: ஒருமுறை 6% போய்த் திரும்புகிறதே என்று அதே திரிபைச் சோர்வுக்கும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கோடிச் சுற்றுத் தாங்க வேண்டிய மீமீள்மைக் கம்பிக்குத் திரிபு வீச்சு 0.4% என்ற அளவில்தான் பேச்சு.

10. எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்குதல்

கம்பியை இயக்கியாக (சூடாக்கினால் சுருங்கி வேலை செய்யும் பாகமாக) பயன்படுத்தப் போகிறவர்களுக்கு இழுவை வரைபடத்தைவிட இதுதான் முக்கியம். விசையை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் ஏற்றி இறக்கி நீளத்தை அளப்பது. பெரிய எந்திரம் வேண்டாம். நம் கம்பிக்கு 100 மெகாபாஸ்கல் என்றால் 2 கிலோ எடை, 200 என்றால் 4 கிலோ. இதற்குப் பொதுவாக ஏஎஃப் 60, 70 டிகிரி உள்ள கம்பியை எடுப்பார்கள்.

எடையைச் சூடான நிலையில், ஆஸ்டெனைட்டாக இருக்கும்போது மாட்டுங்கள். குளிர்ந்த கம்பியில் மாட்டினால் முதல் சுற்றில் நீளும் அளவு பின்வரும் சுற்றுகளோடு பொருந்தாது.

நிமிடத்துக்குச் சில டிகிரி வேகம் போதும். கம்பி வழியே மின்சாரம் விட்டுச் சூடாக்கினால் நடுப்பகுதி மாறிய பிறகும் கிரிப் பக்கத்து முனைகள் குளிராகவே இருக்கும். முனைகளை விட்டு நடுவில் நீளத்தை அளங்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான். விசையில்லாத ஏஎஃப் 65 என்று வைத்து, எல்லா எடைக்கும் மேல் எல்லையை 85 டிகிரி என்று நிரலில் போட்டுவிடுவார்கள். 50 மெகாபாஸ்கலில் வளையம் மூடும், அதாவது நீளம் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். 100-ல் மூடும். 200-ல் மூடாது, உடனே "இந்தத் தகைவில் கம்பி கெட்டுவிட்டது" என்று எழுதுவார்கள். கணக்கைப் பாருங்கள்: 200 மெகாபாஸ்கலை டிகிரிக்கு 7-ஆல் வகுத்தால் ஏஎஃப் 28 டிகிரி மேலே நகர்ந்திருக்கிறது. 93 டிகிரியில் முடிய வேண்டிய மாற்றத்தை 85-ல் வெட்டியிருக்கிறார்கள். எடையைக் கூட்டும்போது மேல் எல்லையையும் கூட்டுங்கள். 120 வரை போயும் மூடவில்லை என்றால் அப்போது சேதத்தைப் பற்றிப் பேசலாம்.

எடை கூடினால் முதலில் நீளும் அளவும் கூடும். குறைந்த தகைவில் மார்ட்டென்சைட் எல்லாத் திசைகளிலும் உருவாகி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வெளியே நீளம் தெரியாது. தகைவு ஏற ஏற அது இழுவைத் திசைக்குச் சாதகமான வடிவத்தையே தேர்ந்தெடுக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவது நின்று, மூடாத மிச்சம் மட்டும் வளரத் தொடங்கும். அந்த இடத்துக்குக் கீழேதான் இயக்கியின் வேலைத் தகைவு.

ஒவ்வொரு எடையிலும் நான்கு வெப்பநிலைகளையும் குறித்து, தகைவுக்கு எதிரே வரையுங்கள். ஏழாம் படியில் வந்த சாய்வோடு இந்தச் சாய்வு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். டிகிரிக்கு 7-ம் 12-ம் என்று பிரிந்து நின்றால் முதலில் தெர்மோகப்பிள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆர்-கட்டத்தின் புள்ளிகள் கோட்டுக்குள் நுழைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்-கட்டத்தின் கோட்டில் டிகிரிக்கு மெகாபாஸ்கல் இதைவிட அதிகம். இரண்டும் இல்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்பி, இரண்டு சோதனைத் துண்டுகளும் ஒரே தொடக்க நிலையிலிருந்து வந்தனவா என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.